பழைய பஜேரோ: எவ்வளவு தூக்கலாம், எந்த டயர் போடலாம்?

செம்மண்தடம்:
வணக்கம். 1998 மாடல் மிட்சுபிஷி பஜேரோ ஜீப், இரண்டாம் தலைமுறை, டீசல், மேனுவல் கியர். அப்பா ஓட்டிய வண்டி, இப்போது என் கையில். முன்னால் டார்ஷன் பார் (முறுங்கி ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புக் கம்பி), பின்னால் காயில் ஸ்பிரிங். டயர் 235/75 ஆர்15.

நான்கு பேரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. வேகத்தடை தாண்டும்போது பின்னால் 'டக்' என்று ஒரு அடி. போன மாதம் ஒரு பாறைப் பாதையில் ரியர் டிஃப் (பின் ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் கியர் குண்டு) நேராகக் கல்லில் போய் உட்கார்ந்தது. எண்ணெய் கசியவில்லை, தப்பித்தேன்.

வண்டியின் உயரத்தை 3 அங்குலம் தூக்கி 33 அங்குல டயர் போடலாம் என்று யோசனை. தெரிந்த ஒருவர், "முன்னால் டார்ஷன் பாரை முறுக்கிவிடு, பின்னால் ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் கட்டை வை, வேலை முடிந்தது" என்கிறார். சரியா? ஓட்டம் முக்கால்வாசி தார் ரோடுதான்.

இரண்டாம்கியர்:
33 வேண்டாம் ப்ரோ. உங்கள் டயரின் விட்டம் சுமார் 73 செ.மீ. 33 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 84. 14 சதவீதம் பெரிது. ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடும், அதாவது இழுவை குறையும். ஏற்றத்தில் மூன்றாவதில் போன வண்டி இரண்டாவதைக் கேட்கும். இழுவையைத் திரும்பக் கொண்டுவர இரண்டு டிஃபிலும் கிரவுன்-பினியன் பல்சக்கர ஜோடியை மாற்ற வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வேறு வேறு விகிதம் வைத்தால் ஃபோர் வீல் போட்ட முதல் நாளே ஏதாவது உடையும். டயர் கனமும் ஏறும், பிரேக் பிடித்தால் நிற்கிற தூரமும் கூடும்.

ஸ்பேனர்14:
தம்பி, டயரை ஒரு ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்னதில் எனக்கு உறுத்துவது அந்த 'டக்'தான். வண்டிக்கு வயது 25க்கு மேல். ஸ்பிரிங் எப்போதாவது மாற்றியிருக்கிறதா? தூக்க நினைக்கிற உயரத்தில் பாதி, ஏற்கெனவே தொலைந்துபோன உயரமாக இருக்கலாம்.

காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்புவரை டேப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து போடுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். பிறகு கீழே படுத்து, பின் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பாருங்கள், ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது ஆக்ஸில் வந்து முட்டுவது அதில்தான்.

இன்னொன்று. டிஃப் கல்லில் இடித்தது என்றீர்கள். ஸ்பிரிங் உயரமாகப் போட்டால் பாடியும் சேசிஸும் மேலே போகும், டிஃப் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். அது ஆக்ஸிலோடு சேர்ந்தது, ஆக்ஸில் சக்கரத்தின் நடுவில். டிஃபை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டம் கூடியதில் பாதி. 33 போட்டால்கூட டிஃபுக்குக் கிடைப்பது 5 செ.மீ சொச்சம்தான். இதைத் தெரியாமல் 4 அங்குலம் தூக்கிவிட்டு அதே கல்லில் மறுபடி இடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

செம்மண்தடம்:
அண்ணா, அளந்துவிட்டேன். முன்னால் இரண்டு பக்கமும் அரை செ.மீ வித்தியாசத்துக்குள். பின்னால் வலது பக்கத்தைவிட இடது 2 செ.மீ தாழ்வு. இரண்டுமே முன்பக்கத்தைவிடக் கீழேதான்.

கீழே படுத்துப் பார்த்ததும் புரிந்தது. அடிப்பாகம் முழுக்கச் செம்மண் அப்பியிருக்கிறது. ஆனால் ஆக்ஸிலில் பம்ப் ஸ்டாப் வந்து உட்காரும் இடம் மட்டும் காசு அகலத்துக்குப் பளபளவென்று துடைத்து வைத்த மாதிரி. ரப்பரின் முனை தட்டையாகிவிட்டது. காலி வண்டியிலேயே இடது பக்கம் ரப்பருக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழைகிறது.

ஸ்பேனர்14:
அதுதான் உங்கள் 'டக்'. ஸ்பிரிங் செத்துவிட்டது. அதன் மேல் ஸ்பேசர் வைப்பது முதுகு வலிக்கிறவருக்கு ஹீல்ஸ் செருப்பு வாங்கிக் கொடுப்பது மாதிரி. நிற்கும்போது உயரமாகத் தெரியும், சுமை ஏறினால் அதே தளர்ச்சிதான்.

பின்னால் புது ஸ்பிரிங் போடுங்கள், கம்பெனி உயரத்தைவிட ஒன்றரை முதல் 2 அங்குலம் கூடுதலாக. வாங்கும்போது உயரத்தை மட்டும் கேட்காமல் எந்தச் சுமைக்கு என்றும் கேளுங்கள். எப்போதும் 200 கிலோ ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கான ஸ்பிரிங்கைக் காலி வண்டியில் மாட்டினால் பின் சீட்டில் இருப்பவர் உங்களோடு பேசவே மாட்டார். எப்போதாவதுதான் சுமை என்றால் நடுத்தர ஸ்பிரிங் போட்டு, காயிலுக்குள் காற்றுப்பை வைத்துக்கொள்ளலாம். அதன் நீளத்துக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும் மாற்ற வேண்டும். பழைய ஷாக் முழுசாக நீண்டு நின்றுவிட்டால் சக்கரம் தொங்கும்போதெல்லாம் அதுதான் இழுபடும்.

இப்போது முன்பக்கம். பாரை முறுக்கினால் பார் கடினமாகும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆகாது. பாரின் விறைப்பு அதே விறைப்புதான், சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் நிற்கும் கோணம் மட்டும் மாறுகிறது. சக்கரத்தின் மொத்த அசைவில் கீழே இறங்குவதற்கான பங்கைப் பிடுங்கி மேலே ஏறுவதற்குக் கொடுக்கிறீர்கள். ஓர் அளவுக்கு மேல் முறுக்கினால் அப்பர் ஆர்ம் எப்போதும் ரீபவுண்ட் ரப்பரிலேயே (சக்கரம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் தடுப்பது) உட்கார்ந்திருக்கும், சின்னப் பள்ளத்துக்கும் முன்பக்கம் 'படார்' என்னும். வண்டி கடினமாகிவிட்டது என்று மக்கள் சொல்வது இதைத்தான். ஆக்ஸில் ஷாஃப்ட்டின் கோணமும் கூடும், சி.வி. பூட் (அந்த ஷாஃப்ட் மூட்டின் ரப்பர் உறை) மடிப்பில் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும்.

முன்னால் 3 செ.மீக்கு மேல் போகாதீர்கள். ரீபவுண்ட் ரப்பருக்கும் அது முட்டும் இடத்துக்கும் இடையில் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். பாரைத் தொடுவதற்கு முன் பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், டை ராடு எண்ட் என்ற மூட்டுகள் மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். தேய்ந்த ஜாயின்ட்டோடு தூக்கினால் அலைன்மென்ட் நிற்காது.

மண்வாசம்:
எல்லாரும் சஸ்பென்ஷனையே பிடித்துத் தொங்குகிறீர்கள். டயருக்கு இடம்தானே வேண்டும்? பாடி லிஃப்ட் போடுங்கள். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் 2 அங்குலக் கட்டை. ஆர்ம் கோணம் மாறாது, சி.வி. பிழைக்கும், அலைன்மென்ட் கெடாது. என் வண்டியில் ஆறு வருடமாக இருக்கிறது.

ஸ்பேனர்14:
தவறில்லை. ஆனால் 1998 வண்டியில் பாடி மவுண்ட் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், துருப்பிடித்திருக்கும், இரண்டு போல்ட்டாவது உடையாமல் வந்தால் அதிர்ஷ்டம். ஸ்டீயரிங் ஷாஃப்ட், கியர் லீவர், ரேடியேட்டர் ஷ்ரவுட், பம்பர் இடைவெளி என்று வால் நீண்டுகொண்டே போகும். அவருடைய நோய் பின் ஸ்பிரிங். அதற்குப் பாடி லிஃப்ட் மருந்தில்லை.

செம்மண்தடம்:
சரி, 33ஐ விட்டுவிட்டேன். 30×9.5 ஆர்15, 31×10.5 ஆர்15 (விட்டம் × அகலம், அங்குலத்தில்; ரிம் 15) இரண்டில் எது?

இரண்டாம்கியர்:
ரிம்மின் உள்பக்கம் அகலம் அச்சடித்திருக்கும், அதை முதலில் பாருங்கள். 31×10.5க்குக் குறைந்தது 7 அங்குல ரிம் வேண்டும். 30×9.5க்கு ஆறரை.

செம்மண்தடம்:
கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு தெரிந்தது: 15×6. அப்படியானால் இரண்டுமே ஆகாதா!

இரண்டாம்கியர்:
ஆகாது. சிலர் மாட்டிவிடுகிறார்கள். டயரின் நடுப்பகுதி பிதுங்கி, நடுவில் மட்டும் தேயும், திருப்பத்தில் சுவர் மடங்கும். இதே மாடலில் 7 அங்குல அலாய் வந்திருக்கிறது, செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். 6 போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. ஆஃப்செட்டையும் (ரிம் உள்ளே, வெளியே எவ்வளவு தள்ளி நிற்கும் என்ற அளவு) பார்த்து வாங்குங்கள், டயர் வெளியே துருத்தக் கூடாது. ஸ்டைலுக்காக வெளியே தள்ளி நிற்கும் ரிம் வாங்கினால் ஸ்டீயரிங் ஒடிக்கும்போது டயர் பெரிய வட்டம் போட்டு ஃபெண்டரைத் தேடி வரும்.

உங்கள் ஓட்டத்துக்கு ஏ.டி. (ஆல் டெரெய்ன், எல்லாப் பாதைக்குமான) டயர் போதும். தார் ரோட்டில் எம்.டி. (மட் டெரெய்ன், சேற்றுக்கான டயர்) போட்டால் இரைச்சலில் பாட்டே கேட்காது. லோட் இண்டெக்ஸ் (டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும் எண்) பழைய டயரைவிடக் குறையக் கூடாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி பாருங்கள்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதிகம் விற்காத அளவு, கடையில் வருடக்கணக்கில் தூங்கியிருக்கும்.

ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து வாங்குங்கள். ஃபோர் வீலில் ஒரே ஒரு டயர் மட்டும் சின்னதாக இருந்தால் முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் சென்டர் டிஃப் சும்மா இருக்காது. கனமான ஸ்டெப்னி பின்கதவில் தொங்கப்போகிறது, கதவுக் கீலையும் பாருங்கள்.

மண்வாசம்:
உயரம், டயர் அளவு மாற்றினால் பதிவு விதி என்ன சொல்கிறது, இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

செம்மண்தடம்:
இரண்டு மாதம் கழித்து வருகிறேன். பதிவு, இன்சூரன்ஸ் இரண்டும் முதலில் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டேன். பின்னால் நடுத்தரச் சுமை ஸ்பிரிங், புது ஷாக், புது பம்ப் ஸ்டாப். நின்ற உயரம் பழையதைவிட 6 செ.மீ கூடியிருக்கிறது, அதில் எவ்வளவு லிஃப்ட், எவ்வளவு தொலைந்த உயரம் என்று அண்ணாவுக்குத்தான் வெளிச்சம். முன்னால் இடது லோயர் பால் ஜாயின்ட் கையாலேயே ஆடியது, மாற்றியாயிற்று. பார் 2.5 செ.மீ மட்டும். பிறகு அலைன்மென்ட். 7 அங்குல அலாய் கிடைத்தது, டயர் 31×10.5.

ஸ்பீடோமீட்டர் முன்பு 80 காட்டும்போது ஜி.பி.எஸ். 76 காட்டியது. இப்போது அதே 80க்கு 82. ஐந்தாவது கியர் கொஞ்சம் சோம்பல், ஏற்றத்தில் நான்குக்கு வர வேண்டியிருக்கிறது. பழகிவிட்டது.

ஒரே ஒரு தொல்லை. ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் வலது முன்பக்கம் 'சர்ர்' என்று உரசல். எங்கே என்று தெரியவில்லை.

ஸ்பேனர்14:
உள் ஃபெண்டர் லைனரிலும் மட்ஃபிளாப்பிலும் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ஒரு ரிவர்ஸ் போடுங்கள். எங்கே அழிகிறதோ அங்கே. பிரேக் ஹோஸ் உரசவில்லை என்பதையும் அப்போதே பாருங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் ஒடித்தபோது ஹோஸ் இழுபடவில்லையே?

செம்மண்தடம்:
ஹோஸ் தளர்வாகத்தான் இருக்கிறது. சாக்பீஸ் மட்ஃபிளாப்பின் உள்முனையில் அழிந்திருந்தது. ஃபிளாப்பை ஒரு திருகு தள்ளி மாட்டி, முனையை வெட்டிவிட்டேன். சத்தம் போய்விட்டது. 500 கிலோமீட்டர் ஆனதும் போல்ட் எல்லாம் மறுபடி டைட் வைக்க வேண்டுமா, 1000 வரை விடலாமா?

ஸ்பேனர்14:
500லேயே வையுங்கள். புஷ் இருக்கும் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போது முறுக்குங்கள், ஜாக்கியில் தொங்கும்போது அல்ல.