ரொட்டேட்டா, ரிவால்வா?

குட்டி: யாராவது இருக்கீங்களா? ரொட்டேட், ரிவால்வ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அகராதியில் இரண்டுக்கும் 'சுழல்' என்றுதான் இருக்கிறது. நாளைக்கு டெஸ்ட்.

அண்ணன்: தன் அச்சிலேயே சுற்றினால் ரொட்டேட். இன்னொன்றைச் சுற்றி வந்தால் ரிவால்வ். பூமி ஒருமுறை ரொட்டேட் ஆக 23 மணி 56 நிமிடம். சூரியனைச் சுற்றி ரிவால்வ் ஆக 365 நாளும் ஒரு கால் நாளும். எழுதிவிட்டுத் தூங்கு.

குட்டி: நன்றி அண்ணா

பெரியப்பா: டெஸ்டுக்கு அது போதும். ஆனால் தம்பி சொன்ன விதி பாடப்புத்தகத்துக்கு வெளியே நிற்காது. ரிவால்விங் டோர் எதைச் சுற்றி வருகிறது? தன் நடுத்தண்டில்தானே சுழல்கிறது? ரிவால்வர் துப்பாக்கியில் தோட்டா போடும் உருளையும் அப்படித்தான்.

அண்ணன்: அட ஆமாம். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லும் ஆர்பிஎம்மில் வரும் 'ஆர்' கூட ரெவல்யூஷன்தான், ரிவால்விலிருந்து வந்த சொல். ஹார்டு டிஸ்க் 7200 ஆர்பிஎம் என்கிறோம், தட்டு இருந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை.

பெரியப்பா: அதேதான். வானியலில் இரண்டு அசைவையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும், அதனால் அங்கே கறாராக இருக்கிறார்கள். 1543-ல் வந்த வானியலாளர் கோப்பர்நிக்கஸின் நூலுக்கு லத்தீன் தலைப்பிலேயே ரெவல்யூஷன் உண்டு, வானக் கோளங்களின் சுற்றுகள் என்ற பொருளில். ஆட்சியைக் கவிழ்ப்பது என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. நம் 'புரட்சி'யும் புரட்டுவதில் பிறந்ததுதான்.

குட்டி: பெரியப்பா, இரண்டு மார்க் கேள்விதான் இது

அத்தை: அவளை விடுங்கள் அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். வாஷிங் மெஷினில் ஸ்பின் என்று போட்டிருக்கிறதே, அங்கே ஏன் ரொட்டேட் இல்லை?

பெரியப்பா: ஸ்பின் என்றால் வேகமாக, விடாமல் சுற்ற வேண்டும். ரொட்டேட்டுக்கு அந்த அவசரம் இல்லை. போனில் படத்தை ரொட்டேட் செய்கிறோம், 90 டிகிரி திரும்பியதும் நின்றுவிடுகிறது. அதை ஸ்பின் என்று யாரும் சொல்வதில்லை. டயரை ரொட்டேட் செய்ய வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் சுற்றிவிடச் சொல்லவில்லை, முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றச் சொல்கிறார். முறை மாற்றிப் போடுவது எல்லாமே ரொட்டேட்தான்: பயிர், ஷிஃப்ட், பாஸ்வேர்டு கூட.

அண்ணன்: இங்கேதான் கிரிக்கெட் வருகிறது.

அத்தை: வந்துவிட்டது!

அண்ணன்: இல்லை அத்தை, கேளுங்கள். வர்ணனையாளர்கள் ஸ்பின், டர்ன் இரண்டையும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றில்லை. விரலோ மணிக்கட்டோ பந்துக்குக் கொடுப்பது ஸ்பின். தரையில் பட்ட பிறகு பந்து எவ்வளவு திசை மாறியது என்பது டர்ன். நிறைய ஸ்பின் கொடுத்தும் ஆடுகளம் ஒத்துழைக்காவிட்டால் டர்ன் கிடைக்காது. 1993-ல் ஓல்ட் டிராஃபோர்டில் மைக் கேட்டிங்குக்கு ஷேன் வார்ன் போட்ட பந்தைத் தேடிப் பாருங்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. ஸ்பின்னும் டர்னும் சேர்ந்து வந்தால் அப்படி இருக்கும்.

பெரியப்பா: தம்பி, கிரிக்கெட்டை வைத்தே முழு விஷயத்தையும் சொல்லிவிட்டாய். ஸ்பின், ரொட்டேட் எல்லாம் அசைவைச் சொல்கிற வார்த்தைகள். டர்ன் அந்த அசைவு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறது. அதனால்தான் டர்னுக்கு இத்தனை வேலை. பால் டர்ன் ஆனால் திரிந்துவிட்டது. இலை மஞ்சளாக டர்ன் ஆகிறது. பையன் 18 டர்ன் ஆகிறான். எதுவும் சுற்றவில்லை, நிலைதான் மாறியிருக்கிறது.

அத்தை: அப்படியென்றால் டர்ன் டவுன் என்றால் மறுப்பது, டர்ன் அப் என்றால் வந்து சேருவது. இதுவும் அந்தக் கணக்கா?

பெரியப்பா: ஓரளவுக்கு. டர்ன் அப் செய்தால் சத்தமும் கூடும். இந்த ஜோடிகளை அலசிக்கொண்டிருப்பதைவிட மனப்பாடம் செய்வதே லேசு. இந்த வார்த்தையின் வேர் லேத்தில் இருக்கிறது, கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. இன்றைக்கும் லேத்தில் கடைசல் பிடிக்கிறவர் டர்னர்தான்.

அண்ணன்: ஸ்பின்னுக்கு வேர்?

பெரியப்பா: நூல் நூற்பது! பஞ்சை இழுத்து முறுக்குவதுதான் பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள், வேகமாகச் சுற்றுவது பிறகு வந்தது. ஸ்பைடரும் அதே வேர். ஸ்பின்ஸ்டர் என்றால் முதலில் நூல் நூற்கிறவள், அப்புறம்தான் கல்யாணமாகாதவள்.

அத்தை: பாவம், நூல் நூற்றதற்கு அந்தப் பெயரா

அண்ணன்: ஃபிசிக்ஸில் இன்னும் மோசம். எலக்ட்ரானுக்கு ஸ்பின் உண்டு என்று 1925-ல் சொன்னார்கள். பம்பரம் மாதிரி அது சுற்றுகிறதா என்றால் இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

குட்டி: செய்திக்கு ஸ்பின் கொடுப்பது என்றால்? எங்கள் டீச்சர் சொன்னார்கள்

பெரியப்பா: நடந்ததைத் தனக்குச் சாதகமான கோணத்தில் சொல்வது. அதில் பொய் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ட்விஸ்ட் வேறு. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைத் திருகுவது ட்விஸ்ட். நான் சொன்னதை ட்விஸ்ட் செய்யாதே என்றால், பேச்சின் அர்த்தத்தையே கோணலாக்காதே என்று பொருள்.

அத்தை: நாமும் 'திரிக்காதே' என்றுதானே சொல்கிறோம்.

பெரியப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். கதை அளப்பதை ஆங்கிலத்தில் 'ஸ்பின் எ யார்ன்' என்பார்கள், அதாவது நூல் நூற்கிறான். நம் ஆட்கள் 'கயிறு திரிக்கிறான்' என்கிறார்கள். யாரும் யாரைப் பார்த்தும் எழுதியதாகத் தெரியவில்லை. முறுக்கி நீட்டிக்கொண்டே போகிற வேலை என்பதால் இரண்டு பக்கமும் தானாகத் தோன்றியிருக்கும்.

அண்ணன்: 'ரீல் விடுகிறான்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரீலும் சுற்றுகிற சாமான்தான்.

அத்தை: புரட்டு, திரிபு, கயிறு, ரீல். பொய் சொல்கிறவன் எதையாவது சுற்றிக்கொண்டேதான் இருக்கிறான் போல!

குட்டி: எனக்குத் தலை சுற்றுகிறது. இதற்கு எது?

பெரியப்பா: ஸ்பின்னிங். 'மை ஹெட் இஸ் ஸ்பின்னிங்'. ரொட்டேட்டிங் என்று எழுதிவிடாதே, கழுத்துக்கு மேல் தலை தனியாகத் திரும்புகிற மாதிரி ஆகிவிடும்.

அண்ணன்: ஆந்தை எழுதினால் சரி. அதற்கு 270 டிகிரி வரை திரும்பும்.