டிரான்ஸ்போஸ் பொத்தானும் தவக்காலமும்

கீபோர்டுக்காரன்:
எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் 16 ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கிறேன். புதிதாக வந்த பங்குத்தந்தை, ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தின இரவு ஒத்திகைக்கே வந்துவிட்டார். "தவக்காலம் முடியும்வரை பாட்டுக்குத் துணையாக மட்டும் வாசியுங்கள் தம்பி. முன்னிசை, இடையிசை, ரிதம் எதுவும் வேண்டாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிகளில், 313ஆம் எண்ணில், அப்படித்தான் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் விழாக்களும் பெருவிழாக்களும் மட்டுமே விலக்கு.

முன்னணிப் பாடகியின் குரல் எடுப்பாகக் கேட்க, சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை எப்போதும் இரண்டு ஏற்றி வைப்பேன். தந்தை அதையும் இறக்கச் சொன்னார். முதல் ஞாயிறு, வருகைப் பாடல். இரண்டாம் சரணத்தில் பெண்கள் பக்கம் ஒரு முனகல் கேட்டது. மூன்றாவதில் கோயிலே பாடியது. பின்னால் ஒரு பெரியவர் அரைத் தாளம் பிந்தி இழுத்துக்கொண்டே வந்தார். அதுகூட நன்றாக இருந்தது. எங்கள் சனங்களுக்குப் பாட வராது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எட்டாத சுருதியில் வைத்தவன் நான்.

கடைசி பெஞ்சு:
கொடுத்துவைத்தவர் நீங்கள். எங்கள் பங்கில், முதல் வாசகத்துக்குப் பின் பதிலுரைப் பாடல் வரவேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு பக்திப் பாட்டு வரும். அங்கே விவிலியத்தின் திருப்பாடலுக்குப் பதிலாக விவிலியத்தில் இல்லாத வேறு பாட்டு கூடாது என்று அதே விதிகளில் 57ஆம் எண் சொல்கிறது. கேட்டால், "மெட்டுப் போட நேரமில்லை" என்கிறார்கள். காணிக்கைப் பாடலின் நான்காம் சரணத்துக்கு மட்டும் நேரம் தாராளம். குருவானவர் கைகழுவி, துடைத்து, பீடத்தருகே காத்து நிற்கிறார். அவர்கள் பல்லவிக்குத் திரும்புகிறார்கள்.

ஆல்டோக்காரி:
விதி விதி என்று தாளத்தையே துரத்திவிடாதீர்கள். அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய இடம் தரவேண்டும் என்று 1963இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னதும் விதிதான். தவக்காலம் தாண்டினால் எங்களுக்குத் தபலாவும் கைத்தாளமும் வேண்டும். ஆனால் கீபோர்டில் பொத்தானைத் தட்டியதும் வரும் டிஸ்கோ எந்த ஊர் மரபு என்று எனக்கும் விளங்கவில்லை.

கீபோர்டுக்காரன்:
ஈஸ்டர் இரவுத் திருப்பலியான பாஸ்கா திருவிழிப்பில் ரிதத்தைத் திரும்பப் போட்டுவிட்டேன், அந்த டிஸ்கோ அல்ல. டிரான்ஸ்போஸை மட்டும் ஏற்றவில்லை. பாடகி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.