‘நம்ம புரசை வீடு’ குழு: மலையகத்து சபை விஷயமா நடந்த பேச்சு

பெரியப்பா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேத்து கமிட்டியில ஒரு நல்ல விஷயம் பேசினோம். இலங்கையில நுவரெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்துல ஒரு சின்ன தமிழ் சபை இருக்கு, அவங்களோட நம்ம சபை கூட்டு வச்சுக்கலாம்னு நம்ம பாஸ்டர் ஐயர் சொல்றார். மொதல்ல கிறிஸ்மஸுக்கு துணிமணியும் கொஞ்சம் பணமும் அனுப்பலாம்னு யோசனை. நல்லா இருக்கற பழைய துணி இருந்தா எடுத்து வைங்க

அம்மா: நல்ல காரியம் அத்தான். அங்க குளிராச்சே, போர்வை வைக்கவா

அக்கா (பாஸ்டன்): அப்பா ப்ளீஸ், துணி மட்டும் வேண்டாம்

பெரியப்பா: ஏம்மா

அக்கா (பாஸ்டன்): டைப் பண்றேன் இருங்க, பெருசா வரும்

அக்கா (பாஸ்டன்): இவர் குடும்பம் போற யூனிடேரியன் சபைக்கு ட்ரான்சில்வேனியாவுல ஒரு கிராமத்து சபையோட கூட்டு இருக்குன்னு சொன்னேன்ல, செப்டம்பர்ல அங்க போயிட்டு வந்தோம். ருமேனியாவுல இருக்கு ஆனா அந்த ஊர்க்காரங்க பேசறது ஹங்கேரி பாஷை, ஏன்னா முதல் உலகப்போர் முடிஞ்சு 1920 ஒப்பந்தத்துல ட்ரான்சில்வேனியாவே ருமேனியாவுக்கு போயிடுச்சு, ஒரே நாள்ல சொந்த ஊர்லயே சிறுபான்மை ஆயிட்டாங்க. அப்பதான் அமெரிக்க யூனிடேரியன்கள் ஒவ்வொரு சபையும் அங்க ஒரு சபையைன்னு கைப்பிடிச்சாங்க. அப்புறம் இரண்டாம் உலகப்போர், கம்யூனிஸ்ட் ஆட்சி, எல்லாம் அறுந்து போச்சு. 80கள் கடைசியில ருமேனியா சர்வாதிகாரி சௌசெஸ்கு ஆயிரக்கணக்கான கிராமங்களை இடிச்சுத் தள்ள திட்டம் போட்டப்ப தான் மறுபடி தேடிப் பிடிச்சாங்க. 89 டிசம்பர்ல அவர் ஆட்சி போச்சு, 1993ல இந்த கூட்டுக்குன்னே அமெரிக்காவுல ஒரு கவுன்சில் வந்துச்சு

மாமா (பெரம்பூர்): எல்லாம் சரி பாப்பா, ஆனா யூனிடேரியன்னா பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கற திரித்துவத்தை ஒத்துக்காதவங்க. அவங்க முறையை நம்ம சபைக்கு எதுக்கு கொண்டு வரணும்? கோபமா கேக்கல, மனசுல பட்டதை கேக்கறேன்

அக்கா (பாஸ்டன்): கேளுங்க மாமா, நியாயமான கேள்வி. உபதேசத்தை எடுத்துக்க சொல்லல. அவங்க ஜனங்களை எப்படி நடத்தறாங்கன்னு மட்டும் பாருங்க

பெரியப்பா: மாப்ளே, யூனிடேரியன் எங்கயோ வெள்ளைக்காரன் ஊர் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நம்ம புரசைவாக்கத்துலயே இருந்தது. வில்லியம் ராபர்ட்ஸ்னு பேர் வச்சுக்கிட்ட ஒரு தமிழர், இங்கிலாந்துக்கு வேலைக்காரரா போன இடத்துல அவங்க புஸ்தகம் படிச்சு, திரும்பி வந்து 1795ல மெட்ராஸ்ல தானே சபை ஆரம்பிச்சார். எந்த மிஷனரியும் அனுப்பல. 1813ல புரசைவாக்கத்துல கோயில் கட்டினார். இங்கிலாந்து யூனிடேரியன்களுக்கு அவரே கடிதம் எழுதினார், அவங்க அதை அச்சடிச்சு படிச்சாங்க, உதவியும் வந்துச்சு. கொள்கை எனக்கும் ஒத்துவராது, ஆனா அந்த மனுஷன் மேல எனக்கு ரொம்ப மரியாதை

நான்: பெரியப்பா இத்தனை வருஷம் புரசையில இருந்தும் எனக்கு இது தெரியாது!!

அக்கா (பாஸ்டன்): எனக்கும்தான். மேகாலயாவுல காசி, ஜைந்தியா மலைகள்லயும் இருக்காங்க தம்பி, 1887ல ஜோவாயில ஹஜோம் கிஸ்ஸோர் சிங்னு காசி ஜனத்துல ஒருத்தரே ஆரம்பிச்சது. அந்த கிராமத்து சபைகளோடயும் இங்க இருக்கற சபைங்க கூட்டு வச்சிருக்காங்க

அம்மா: சரிம்மா துணி ஏன் வேண்டாம்னு சொல்லவே இல்லயே

அக்கா (பாஸ்டன்): வரேன் சித்தி. எங்க சபையிலயும் மொதல்ல பெட்டி பெட்டியா துணி அனுப்பியிருக்காங்க, அங்க பாதிரியார் வீட்டு ரூம் ஒண்ணு நிறைய அது கிடந்திருக்கு, வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு வாய் வரல. அடுத்து கம்ப்யூட்டர் ரூம் கட்டித் தரோம்னு இவங்களே முடிவு பண்ணாங்க. ஒரு தடவை ஆளுங்க நேர்ல போய் உக்காந்து உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டப்பதான் தெரிஞ்சுது, ஊர்ல எட்டாவதோட பள்ளிக்கூடம் முடியுது, மேல படிக்கணும்னா டவுன்ல ஹாஸ்டல், அதுக்கு காசில்லாம பொண்ணுங்க நின்னுடறாங்கன்னு. இப்ப அந்த படிப்பு செலவுதான் போகுது, யாருக்குன்னு அந்த சபை மூப்பர்களே முடிவு பண்றாங்க, நாங்க வாயே தொறக்கறதில்ல

நான்: பணம் குடுக்கறவங்களுக்கு கணக்கு வேணாமா அக்கா

அக்கா (பாஸ்டன்): கணக்கு வருஷா வருஷம் வருது தம்பி, கேக்காமலே. பேர் பட்டியல் மட்டும் நாங்க கேக்கறதில்ல, உதவி வாங்கற புள்ளைங்க பேரை எங்க நோட்டீஸ் போர்டுல ஒட்டறது அசிங்கம்

மாமா (பெரம்பூர்): இது சரியான பேச்சு

அக்கா (பாஸ்டன்): மாமா அந்த கோயிலை நீங்க பாக்கணும். வெளிய வெறும் வெள்ளை சுவர், உள்ள மேல பாத்தா மரக் கூரை முழுக்க சதுரம் சதுரமா பலகை, ஒவ்வொண்ணுலயும் பூ வரைஞ்சிருக்கு, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. பொம்பளைங்க ஒரு பக்கம் ஆம்பளைங்க ஒரு பக்கம், நம்ம கிராமத்து கோயில் மாதிரியே. ரொட்டியும் ரசமும் குடுக்கற திருவிருந்து வருஷத்துக்கு நாலே தடவை, அதுல ஒண்ணு அறுப்பின் பண்டிகை. நாங்க அதுக்குதான் போனோம், புது கோதுமையில சுட்ட ரொட்டி, பெரிய உருண்டை, தூக்க ரெண்டு கை வேணும்

அம்மா: அறுப்பின் பண்டிகையா!! அசனம், அதான் கோயில் சாப்பாடு, உண்டா

அக்கா (பாஸ்டன்): உண்டு சித்தி 😊 முட்டைகோஸ் இலையில கறியும் அரிசியும் வச்சு சுருட்டி வேக வச்சு ஊரே சமைக்குது. நான் தங்கின வீட்டு பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது எனக்கு ஹங்கேரி தெரியாது, ராத்திரி எனக்கு குளிரும்னு தன் கம்பளியை எடுத்து போத்திவிட்டு போச்சு

அக்கா (பாஸ்டன்): இன்னொண்ணு சொல்லியே ஆகணும். எங்க சபையில ஒரு பெரியவர், அந்த ஊருக்கு பல தடவை போனவர், போன வருஷம் தவறிட்டார். சேதி போனதும் அவங்க ஊர்ல ஒருத்தர் செத்தா எப்படி கோயில் மணி அடிப்பாங்களோ அப்படி அடிச்சிருக்காங்க. அந்த மணிச்சத்தத்தை போன்ல பதிஞ்சு அனுப்பினாங்க, அடக்க ஆராதனையில போட்டோம். அப்பா, நாம குடுக்கறவங்க அவங்க வாங்கறவங்கன்னு ஆரம்பிச்சா இது வராது, அதான் நான் இவ்ளோ எழுதறேன்

பெரியப்பா: படிச்சேம்மா. ரெண்டு தடவை

மாமா (பெரம்பூர்): அத்தான், அந்த தோட்டத்து ஜனங்க யாரு? நம்ம பக்கத்துல இருந்து வெள்ளைக்காரன் காலத்துல கூட்டிட்டு போன ஜனங்க. எங்க தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் கண்டிக்கு போனவர் திரும்பவே இல்ல. 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல எத்தனையோ குடும்பத்தை பிரிச்சு பாதிய இங்க அனுப்பினாங்க. நூறு நூத்தம்பது வருஷம் அந்த மலையில சபையை காப்பாத்தி வச்சிருக்காங்க, லயம்னு சொல்ற தோட்டத்து வரிசை வீட்டுல ஒரே ரூம்ல குடியிருந்துகிட்டு. அவங்களுக்கு பழைய சட்டை அனுப்பறதாவது

அம்மா: ஆமாம்பா, எனக்கே இப்ப ஒரு மாதிரி இருக்கு. எதுவும் அனுப்ப வேண்டாம், மொதல்ல பேசுவோம்

பெரியப்பா: சரி. ஐயர்கிட்ட இப்பவே போன் போட்டேன், அவருக்கும் சம்மதம். மொதல் கடிதத்துல பணத்தை பத்தி ஒரு வார்த்தை இருக்காது. எத்தனை குடும்பம், உபதேசியார் யாரு, என்ன கீர்த்தனை பாடறீங்க, யாருக்காக ஜெபிக்கணும், அவ்ளோதான் கேக்கப் போறோம். நம்ம சபையை பத்தியும் எழுதணும், இங்க வாலிபர் வராம போனது உட்பட. நல்லதை மட்டும் எழுதினா அவங்களும் நல்லதை மட்டும்தான் எழுதுவாங்க

அக்கா (பாஸ்டன்): அப்பா ❤️ கையால எழுதுங்க, டைப் அடிக்காதீங்க. யாராவது ரெண்டு மூணு பேர் நேர்ல போகவும் பாருங்க, சொந்த செலவுல, சபை காணிக்கையில இல்லாம

நான்: நான் போறேன் பெரியப்பா. கொழும்புக்கு ஃப்ளைட் ஒன்றரை மணி நேரம்கூட இல்ல, அங்கிருந்து ரயில்ல நானு ஓயா போய் இறங்கினா நுவரெலியா பக்கம்தான்

பெரியப்பா: மொதல்ல அவங்க வரச் சொல்லட்டும்டா

மாமா (பெரம்பூர்): ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு கமிட்டி ரூமுக்கு நானும் வரேன் அத்தான். கடிதத்துல இதையும் சேருங்க, அவங்க ஆராதனை எத்தனை மணிக்குன்னு. இலங்கைக்கும் நமக்கும் ஒரே டைம், மாசம் ஒரு ஞாயிறு ரெண்டு கோயில்லயும் ஒரே பாட்டு பாடலாம்

அம்மா: எந்த பாட்டுன்னு அவங்களை சொல்ல சொல்லுங்க