3 சீட்டைக் கலைத்தால் 6 வரிசையும் சமமா வர மாட்டேங்குது, உதவி

சீட்டுக்கட்டு:
3 சீட்டைக் கலைத்து, எந்த வரிசை எத்தனை தடவை வருதுன்னு எண்ணுற சின்ன புரோகிராம். 6 வரிசைக்கும் ஆறில் ஒரு பங்கு வரணும். ஆனா மூணு வரிசை எப்பவும் கூடுதல், மூணு எப்பவும் குறைவு. திரும்பத் திரும்ப ஓட்டினாலும் அதே மூணுதான். என்ன தப்பு? கொஞ்சம் அவசரம்.

தசமப்புள்ளி:
எந்த மொழி? எத்தனை முயற்சி? கூடுதல்னா எவ்வளவு? 600 முயற்சியில் 100-க்குப் பதில் 110 வந்தா அது சாதாரணம்.

பைட்வண்டு:
பார்க்காமலே சொல்றேன், ராண்ட்() (சமவாய்ப்பா ஒரு எண் தர்ற ஃபங்ஷன்) தர்ற எண்ணை 3-ஆல் வகுத்து மீதி எடுத்திருப்பீங்க. 0 முதல் 32767 வரை உள்ள எண்கள் மூணு சம பங்கா பிரியாது. எல்லாரும் விழுற குழி.

நெடுங்கணக்கு:
பிரியாதுதான். மீதி 0-வும் 1-உம் 10923 தடவை, 2 மட்டும் 10922. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்னு நம்புறவங்க திட்டவிலக்கம் (தற்செயலா எண்ணிக்கை எவ்வளவு விலகும்ங்கிற அளவு) என்னன்னு படிச்சுட்டு வரலாம். கேட்டவரும் கோட் போடாம கேட்கிறார். இங்கே யாரும் ஜோசியம் பார்க்கிறதில்ல, தம்பி.

சீட்டுக்கட்டு:
மன்னிக்கணும். பைத்தான். 60,000 முயற்சி.
123: 8871, 132: 11134, 213: 11068, 231: 11159, 312: 8902, 321: 8866.
இடங்களை 0-லிருந்து எண்ணுறேன், ஐ 0, 1, 2-ன்னு ஓடும். ஒவ்வொரு தடவையும் ஜே = ராண்டிண்ட்(0, 2), அதாவது 0, 1, 2-இல் சமவாய்ப்பா ஒண்ணு. பிறகு ஐ-ஆவது சீட்டும் ஜே-ஆவது சீட்டும் இடம் மாறும். அவ்வளவுதான்.

ஒற்றைப்படை:
இதையே ஓட்டிப் பார்த்தேன், ஆறும் 10,000-ஐ ஒட்டித்தான் வருது. உங்க பைத்தான் பதிப்பு பழசோ?

தசமப்புள்ளி:
ஒற்றைப்படை, சீட்டு பட்டியலை லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடுற பகுதிக்கு) வெளியே ஒரே ஒரு தடவை உண்டாக்கினீங்களா? அப்படின்னா கலைந்த கட்டையே மறுபடி மறுபடி கலைக்கிறீங்க. சாய்வு கரைஞ்சு எல்லாம் சமமாத்தான் தெரியும். ஒவ்வொரு முயற்சிக்கும் 1 2 3-லிருந்து தொடங்கினாத்தான் பிழை வெளியே வரும்.

ஒற்றைப்படை:
ஆமா, வெளியேதான் இருந்தது. உள்ளே கொண்டுபோனதும் 132 பதினோராயிரத்தைத் தாண்டிடுச்சு.

தசமப்புள்ளி:
சீட்டுக்கட்டு, சமவாய்ப்பு எண் உருவாக்கியில் குற்றம் இல்ல, கலைக்கிற முறையில்தான். 3 படி, படிக்கு 3 வாய்ப்பு, மொத்தம் 27 பாதை, எல்லாம் சம நிகழ்தகவு. 27-ஐ 6 வரிசைக்குச் சமமா பங்கு போட முடியுமா? 132, 213, 231-க்கு 5 பாதை, மத்த மூணுக்கும் 4. அதாவது 60,000-இல் 11,111-உம் 8,889-உம். உங்க எண்கள் அப்படியே பொருந்துது. ஆறும் சமம்னு வச்சு, எண்ணிக்கைகள் எவ்வளவு விலகுதுன்னு அளக்கிற கை-வர்க்க மதிப்பு 753.6 வருது. விடுதலை அளவு 5-க்கு (6 வரிசை, ஒண்ணு குறைவு) 5% எல்லை 11.07தான், அதாவது சமமா இருந்தா அதைத் தாண்ட 5% வாய்ப்புதான்.

திருத்தம்: ஐ கடைசி இடத்திலிருந்து 1 வரை இறங்கணும், ஜே 0 முதல் ஐ வரை மட்டும் (ஐ-யும் சேர்த்து). 3 × 2 = 6 பாதை, வரிசைக்கு ஒண்ணு. ஃபிஷர், யேட்ஸ் 1938-இல் காகிதத்துக்குச் சொன்ன முறை. கணினிக்கு ஏத்த இந்த வடிவம் டர்ஸ்டன்ஃபெல்ட் 1964-இல் தந்தது.

பைட்வண்டு:
இவ்வளவு எதுக்கு? சார்ட் பண்ணும்போது (வரிசைப்படுத்தும்போது) ரெண்டு சீட்டை ஒப்பிடுற ஃபங்ஷன் சும்மா ஆமா/இல்லைன்னு சமவாய்ப்பா சொல்லிட்டா போதுமே.

நெடுங்கணக்கு:
போதாது. அங்கே ஒவ்வொரு ஒப்பீடும் ஒரு காசு சுண்டல். பாதைகளின் நிகழ்தகவு பாதி, கால், அரைக்கால்னு போகும். எத்தனை கூட்டினாலும் ஆறில் ஒண்ணு கிடைக்காது, 6-க்குள்ளே ஒரு 3 இருக்கு, பாதி பாதியா பிரிச்சா மூணில் ஒரு பங்கு வராது. சில மொழிகளில் சார்ட் குழம்பிப் பிழை காட்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் சமவாய்ப்பா ஒரு பின்ன எண்ணை முன்கூட்டியே ஒட்டி, அதை வச்சு சார்ட் பண்ணினா சரி. அது வேற, இது வேற.

பைட்வண்டு:
நானும் அதைத்தானே சொன்னேன்.

நெடுங்கணக்கு:
இல்லை. மேலே ஏறிப் படிங்க.

சீட்டுக்கட்டு:
மாத்தினேன். இப்போ இன்னும் மோசம். 231: 30,086, 312: 29,914. மத்த நாலும் பூஜ்ஜியம்!!

ஒற்றைப்படை:
சீட் எண்ணை (சமவாய்ப்பு எண் உருவாக்கியைத் தொடங்கி வைக்கிற எண்ணை) லூப்புக்குள்ள வச்சிருக்கீங்களா?

தசமப்புள்ளி:
அப்படி வச்சிருந்தா ஒரே வரிசைதான் வரும், ரெண்டு வராது. ராண்டிண்டை எடுத்துட்டு ரேண்ட்ரேஞ்ச்(ஐ) போட்டிருக்கீங்க, சரியா? ராண்டிண்ட் மேல் எல்லையைச் சேர்க்கும், ரேண்ட்ரேஞ்ச் சேர்க்காது. அதனால எந்தச் சீட்டும் தன் இடத்திலேயே நிற்க வழியில்லாம போச்சு. இதுக்கு சட்டோலோ முறைன்னு பேரே உண்டு, ஒரே சுழற்சியா அமையுற வரிசைகளை மட்டும் தரும். 3 சீட்டுக்கு அப்படி 2தான். ரேண்ட்ரேஞ்ச்(ஐ + 1) போடுங்க.

புதுநிரல்:
பைத்தானிலேயே கலைக்கிற ஃபங்ஷன் ராண்டம்.ஷஃபிள்() இருக்கே, ஒரு வரியில் முடியுமே?

தசமப்புள்ளி:
முடியும், உள்ளே ஓடுறதும் இதே முறைதான். ஆனா அவர் எண்ணிப் பார்க்கத்தானே எழுதுறார்.

சீட்டுக்கட்டு:
+1தான். எல்லாம் 9,850-க்கும் 10,150-க்கும் நடுவில். நன்றி.

பைட்வண்டு:
ஒப்பீடு விஷயம் இன்னும் முடியல. 4 சீட்டுன்னா 24 வரிசை, அப்பவும் முடியாதா?

நெடுங்கணக்கு:
24-க்குள்ளேயும் ஒரு 3 இருக்கு.