கினிகத்தேனை இறக்கத்தில் நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டேன்: பிழை டயரிலா, என்னிலா?

வெள்ளவத்தை வாசி எழுதியது:

வணக்கம். ஏழு வருடங்களாகக் கொழும்புக்குள் 150 சிசி மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்கும் முச்சக்கர வண்டிக்கும் நடுவே புகுந்து தினமும் வேலைக்குப் போய் வருகிறவன் என்பதால், ஓட்டம் எனக்குக் கைவந்தது என்றே நினைத்திருந்தேன். சென்ற மாதம் பொகவந்தலாவையில் இருக்கும் அம்மாயியைப் பார்க்க அவிசாவளை, கித்துல்கலை, ஹட்டன் வழியாக ஏ7 வீதியில் முதன்முறையாகத் தனியே போனேன். ஏறும்போது ஒரு சிக்கலும் இருக்கவில்லை. திரும்பி வருகையில், கினிகத்தேனைக்குக் கீழே ஓர் இடது வளைவில், நான் நினைத்ததைவிட வளைவு இறுகிக்கொண்டே போனது. சைக்கிள் நடுக்கோட்டை நோக்கி விலகியது. எதிரே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி ஏறி வந்தது. அதன் முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்த புத்தர் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவ்வளவு நேரம் அதையே பார்த்திருக்கிறேன். பிரேக்கை அழுத்தினேன், சைக்கிள் நிமிர்ந்து இன்னும் நேராகப் போனது. பஸ் சாரதி தன் பக்க வடிகானின் விளிம்புவரை ஒதுங்கியதால்தான் இதை எழுதுகிறேன்.

வீதி காய்ந்திருந்தது. வேகம் மணிக்கு 45 கிலோமீற்றருக்கு மேல் இல்லை. பின்னிருக்கையில் தேயிலைத்தூளும் லீக்ஸும் கொண்ட ஒரு மூட்டை கட்டியிருந்தேன். டயரை மாற்றினால் சரியாகுமா, அல்லது நான்தான் ஓட்டப் பழக வேண்டுமா?

நோர்வூட்காரன் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்: புத்தர் படத்தைப் பார்த்தீர்கள், சைக்கிளும் அங்கேயே போனது. கண் எங்கே நிலைக்கிறதோ அங்கே கையும் உடம்பும் வண்டியைக் கொண்டுபோகும். காலி வீதியில் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பார்த்தே ஓட்டிப் பழகிய கண், மலைவீதியிலும் பத்து மீற்றருக்கு அப்பால் போகாது. வளைவில் வீதியின் இரு ஓரங்களும் ஒன்றாகச் சேர்ந்து மறைகிற ஒரு புள்ளி தெரியும். அதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் முன்னேற முன்னேற அந்தப் புள்ளியும் விலகிப் போனால் வளைவு திறக்கிறது என்று பொருள். அது உங்களை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த இடது வளைவில் இந்த அறிகுறி உங்களுக்கு முன்கூட்டியே கிடைத்திருக்கும், கவனித்திருந்தால்.

45 கிலோமீற்றர் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்குள் பன்னிரண்டரை மீற்றர் கடந்துவிடுவீர்கள். பஸ்ஸைக் கண்டு விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த வினாடி தீர்ந்துவிடும். வேகம் இரு மடங்கானால், அதே வளைவில் டயர் தாங்க வேண்டிய பக்கவிசை நான்கு மடங்காகிறது. ஆகவே குறைக்க வேண்டியதை நேர்த்துண்டிலேயே குறைத்து, கியரையும் அங்கேயே இறக்கி, வளைவுக்குள் எக்ஸிலேட்டரை மெல்லிசாகப் பிடித்தபடி நுழைய வேண்டும். சாய்ந்திருக்கும் சைக்கிளில் முன்பிரேக்கை இறுக்கினால் அது நிமிர்ந்து நேரே போகப் பார்க்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டினால் பெற்றோல் மிச்சம் என்று எங்கள் ஊரிலும் சிலர் இன்னும் நம்புகிறார்கள். எரிபொருள் தெளிப்பு முறையுள்ள எஞ்சினில், கியரில் இருந்தபடி எக்ஸிலேட்டரை மூடினால் அநேகமாக பெற்றோலே போகாது. நியூட்ரலில்தான் எஞ்சின் சும்மா சுற்ற பெற்றோல் எரிகிறது. அதைவிட முக்கியம், நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

வீதியில் நிற்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடது வளைவில் நடுக்கோட்டின் பக்கம் ஒதுங்கி நின்றால் பார்வை நீளும் என்று வெளிநாட்டுப் பாடங்களில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் உங்கள் இடது வளைவு எதிரே வருபவருக்கு வலது வளைவு. அவர் அதை வெட்டிக்கொண்டு உங்கள் பாதிக்குள் வருவது நம் நாட்டில் வழக்கம். ஆகவே கண்ணுக்கு மறைந்த இடது வளைவில் உங்கள் பாதியின் நடுவிலேயே இருங்கள். வலது வளைவில் இடது ஓரமாக இருப்பது பார்வைக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. கூரிய திருப்பங்களில் நீண்ட பஸ் அகலமெடுத்துத்தான் திரும்ப முடியும்.

கொட்டாஞ்சேனை கராஜ் எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் டயரை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். கொழும்பில் மட்டும் ஓடும் சைக்கிள்கள் என் கராஜுக்கு வரும்போது பின்டயரைக் கையால் தடவிப் பார்ப்பேன். நேர்வீதியிலேயே ஓடி ஓடி, நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகியிருக்கும். உருண்டையாக இருக்க வேண்டியது பெட்டிபோல இருக்கும். அப்படிப்பட்ட டயர் மெல்லச் சாயாது. தட்டையான பகுதியிலிருந்து விளிம்புக்கு வரும் இடத்தில் முதலில் தயங்கிப் பிறகு திடீரென விழுவது போலிருக்கும், பழக்கமில்லாதவர் அந்த இடத்தில் பயந்து கையை இறுக்கிவிடுவார்.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3118 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்தது. பூ நிறைய இருந்தாலும் பழைய இறப்பர் கல்லாகிவிடும். மூட்டை கட்டினால் பின்டயருக்கு, சங்கிலிக் கவசத்துக்குப் பக்கத்திலோ கைநூலிலோ எழுதியிருக்கும் பாரக் கணக்கின்படி காற்று வையுங்கள். மூட்டையைப் பின்நுனியில் கட்டாமல் இருக்கையின் நடுவுக்கு இழுத்துக் கட்டுங்கள். பாரம் பின்னுக்குப் போகப் போக முன்சக்கரம் இலேசாகி, சைக்கிள் திரும்ப மறுக்கும்.

தெஹிவளை ஆசிரியை எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. சைக்கிளை இடப்பக்கம் சாய்க்க எது செய்ய வேண்டும் என்று கேட்டால், பலர் "உடம்பைச் சாய்க்க வேண்டும்" என்பார்கள். நானும் ஸ்கூட்டரில் பத்து வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். உண்மையில், நடைவேகத்தைத் தாண்டியதும் இடது கைப்பிடியை மெதுவாக முன்னே தள்ளினால்தான் சைக்கிள் இடப்பக்கம் சாயும். எல்லோரும் இதைத் தெரியாமலே செய்கிறோம்; பயத்தில்தான் மறந்துபோகிறது, இரு கையும் இறுகி நிற்கிறது. அந்த வளைவில் நீங்கள் பிரேக்கை விட்டு, இடது கையால் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால், 45இல் அந்தச் சைக்கிளால் திரும்பியிருக்க முடியும் என்றே நினைக்கிறேன். ஆளில்லாத அகலமான இடத்தில் 30இல் ஓடி, ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள்.

பழக ஹட்டன்வரை போக வேண்டியதில்லை. ஹங்வெல்லைக்கு அப்பால் லபுகம நீர்த்தேக்கத்துப் பக்கம் போகும் வீதிகளில் ஞாயிறு காலையில் வாகனம் குறைவு, வளைவுகள் போதுமானவை. தை, மாசியில் இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கும், பனியில் நனைந்த அந்த இலைக்கு மேல் பிரேக் வைக்காதீர்கள்.

நோர்வூட்காரன் எழுதியது:

ஆசிரியை சொன்னது சரி, நான் விட்டுவிட்டேன். இன்னொன்று: வட்டவளைப் பக்கம் வைகாசி முதல் புரட்டாதிவரை மழை விடாது, ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடிமழை. மதியத்துக்கு முன் இறங்கிவிடுவது நல்லது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபின் மலைவீதிகளின் வெளிவிளிம்பை நான் நம்புவதில்லை; காபட் முழுதாகத் தெரிந்தாலும் அடியில் மண் கரைந்து போயிருக்கலாம்.

வெள்ளவத்தை வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முன்டயரைப் பார்த்தேன்: 2718, சைக்கிளோடு வந்தது, ஒருநாளும் மாற்றவில்லை. பின்டயர் கொட்டாஞ்சேனை அண்ணன் சொன்னபடியே நடுவில் பலகைபோல் இருக்கிறது. இரண்டையும் மாற்றிவிட்டு நேற்றுக் காலை லபுகம பக்கம் போனேன். இடது கையால் தள்ளியபோது முதல்முறை சைக்கிள் அவ்வளவு சட்டென்று சாய்ந்ததில் நானே பதறிவிட்டேன். நாலாவது, ஐந்தாவது வளைவுக்குப் பிறகு, ஓரங்கள் சேரும் அந்தப் புள்ளி கண்ணுக்குப் பிடிபட்டது. ஒரு வளைவில் அது என்னை நோக்கி வந்தது, எக்ஸிலேட்டரை விட்டேன். திரும்பியதும் வீதி நடுவே இரண்டு மாடுகள் படுத்திருந்தன. அம்மாயியிடம் சித்திரைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், இம்முறை மூட்டையை நடுவில் கட்டுவேன்.