அப்பாயியின் கப்பல் பயணங்கள்: ஆண்டுகளை எப்படி உறுதிசெய்வது?

கேள்வி: மன்னார்குடிப் பேரன்

வணக்கம். மலேசியாவில் கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, ஐந்து முறை கடல் கடந்த எங்கள் அப்பாயி சென்ற ஆண்டு காலமானார். ஐந்து முறையும் கப்பலில்தான். கை நனைக்கத் தண்ணீர்கூட இல்லாத வழி என்று விமானத்தைக் கடைசிவரை அவர் ஏற்கவில்லை. தலைத்திவசத்திற்குள் அவருடைய வாழ்க்கையைச் சிறு நூலாக எழுத எண்ணுகிறேன். ஆனால் குடும்பத்தோடு ஊர் திரும்பியது 1967 என்று அப்பாவும், 1970 என்று அத்தையும் வாதிடுகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கரையான் அரித்துவிட்டது. "பர்மிட்டு கேட்ட வருஷம், ராஜுலாவிலே வந்தோம்" என்று அப்பாயி சொன்னது மட்டுமே மிச்சம்.

மறுமொழி: பினாங்கு வாசகர்

அந்த ஒரு வரியே போதுமான சான்று. மலாயா 1957இல் விடுதலை பெற்ற பிறகும் குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர்கள் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தார்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்கு பர்மிட் பெற வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்து, 1969இல் நெருக்கத் தொடங்கியபோதுதான் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். மலாயாவிலேயே பிறந்த உங்கள் அப்பாயிக்கு அது "திரும்புதல்" ஆகவே இருந்திருக்காது. நூலில் அந்தச் சொல்லை யோசித்துப் பயன்படுத்துங்கள்.

மறுமொழி: நாகைக்காரர்

1926இல் கட்டப்பட்ட ராஜுலா கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடி, 1973இல் அந்தத் தடத்திலிருந்து விலகியது. எனவே பின்னெல்லையும் கிடைத்துவிட்டது. பிறகு ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தச் சேவை முடிந்தது. அப்பாயி பின்னாளில் உறவினரைப் பார்க்கப் போய்வந்தது அதிலா என்று விசாரியுங்கள். அந்த நாளில் நாகையில் கப்பல் கரையை அணையாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, வெங்காய மூட்டையும் மனிதரும் படகில்தான் போய்வர வேண்டியிருந்தது. இறங்கிய இடம் நாகையா சென்னையா என்பதை அத்தை மறந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் அப்பா மலாயாவில் பள்ளியில் படித்திருந்தால், ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் பாருங்கள்.

மறுமொழி: தோட்டத்து மகள்

ஆண்டுகளைத் தேடும் மும்முரத்தில் அவருடைய பேச்சை விட்டுவிடாதீர்கள். என் ஆயா ஊருக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும், விடியற்காலையில் எங்களை எழுப்பும்போது "பெரட்டுக்கு நேரமாச்சு" என்றுதான் சொல்வார். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்க அணிவகுத்து நிற்பதுதான் பெரட்டு. என் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. நான் எழுதி வைக்காததே காரணம்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. அத்தைக்கு நாகை நன்றாக நினைவிருக்கிறது: படகில் இறங்கும்போது அப்பாயி தம் தையல் இயந்திரத்தை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாராம். பதிவேட்டையும் பார்த்துவிட்டேன். அப்பா மூன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1970 ஜூன் மாதம். முன்பு படித்த பள்ளி என்ற கட்டத்தில் "மலாயா" என்று மட்டும் இருக்கிறது. அதன் நகலை அப்பா இரண்டு முறை படித்துவிட்டு, அத்தைக்குத் தொலைபேசியில் பேச எழுந்து போனார்.