முதுகுவலியோடு கார் தேர்ந்தெடுப்பது: சீட் முதல் டயர் வரை

பிசியோதெரபிஸ்ட்:

எந்த மாடல் முதுகுக்கு நல்லது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் வலி எப்போது கூடுகிறது என்று கவனியுங்கள். குனிந்தால் வலி, நெடுநேரம் உட்கார்ந்தால் வலி, எழுந்து நாலு அடி நடந்தால் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு) சார்ந்தது. நின்றாலும் நடந்தாலும் கால் மரத்துப் போகிறது, உட்கார்ந்தால் நிம்மதி என்றால் நரம்பு செல்லும் பாதை குறுகியிருக்கலாம். வயதானவர்களிடம் இது அதிகம். முதல் வகைக்கு, இடுப்பின் உள்வளைவைத் தாங்கிப் பிடிக்கும் லம்பார் சப்போர்ட் அவசியம். இரண்டாம் வகைக்கு அதே மேடு வலியைக் கிளப்பிவிடும். லம்பாரை முழுக்க உள்ளே இழுத்துத் தட்டையாக்க முடிகிற சீட்தான் வேண்டும். ஒருவர் புகழ்ந்த காரில் இன்னொருவர் அரை மணி நேரம் உட்கார முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது சீட்டின் உயரம். தாழ்வான சீட்டில் முழங்கால் இடுப்பைவிட மேலே போகும். தொடையின் பின்தசை இழுபட்டு இடுப்பெலும்பைப் பின்னால் சாய்க்கும். உடனே கீழ்முதுகின் வளைவு தட்டையாகி, டிஸ்க்கின் பின்பக்கம் அழுத்தம் ஏறும். இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ ஓரிரு விரல் மேலாகவோ இருக்க வேண்டும். காரின் பக்கத்தில் நின்று பார்த்தால் சீட்டின் மேல்மட்டம் உங்கள் முழங்காலுக்குச் சற்று மேலே, தொடையின் கீழ்ப்பகுதிக்கு நேராக வருவது நல்லது. அதற்குக் கீழே என்றால் விழுந்து உட்கார வேண்டும், இறங்கும்போது முதுகை வளைத்து எக்க வேண்டும். அதற்கு மிகவும் மேலே என்றால் ஒரு காலில் நின்று இடுப்பை முறுக்கி ஏற வேண்டும். இரண்டும் ஆகாது.

சாய்மானத்தைப் பொறுத்தவரை, 1970களில் ஸ்வீடனில் எலும்பு மருத்துவர்களான ஆல்ஃப் நாக்கெம்சன், குன்னர் ஆண்டர்சன் முதலியோர் டிஸ்க்கிற்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். சாய்மானம் கூடக்கூட, லம்பார் தாங்கல் சேரச்சேர அழுத்தம் இறங்குவதைக் கண்டார்கள். ஆனால் ஓட்டும்போது அதிகம் சாய்ந்தால் தலை முன்னால் துருத்தி, கழுத்து பழி வாங்கும். சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே 100 முதல் 110 டிகிரி போதும்.

ஒரு எச்சரிக்கை: காலில் வலு குறைந்து பாதம் தொங்குவது, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப் போவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் கார் தேடலை விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

சீட் வேலை செய்பவர்:

மேலே சொன்னதோடு சீட்டின் உள்விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் உட்கார்ந்தவுடன் மெத்தென்று இருக்கும் சீட்டை நம்ப வேண்டாம். மென்மையான ஃபோமில் அரை மணி நேரத்தில் உட்காரும் எலும்பு இரண்டும் அடிவரை அமிழ்ந்துவிடும். அதன்பிறகு இடுப்பு பின்னால் உருண்டு கூன் விழும். முதலில் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும் சீட்தான் நீண்ட தூரத்தில் கைகொடுக்கும்.

லம்பார் சப்போர்ட் எல்லாம் ஒன்றல்ல. சில வண்டிகளில் அது உள்ளே வெளியே மட்டும் நகரும். சிலவற்றில் மேலே கீழேயும் நகரும். முதுகுவலிக்காரர் இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் வளைவு இருக்கும் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். மேடு பெல்ட் கட்டும் இடத்திலும் அதற்குச் சற்று மேலும் பதிய வேண்டும். விலாவில் முட்டினால் அது உயரம். பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பில் முட்டினால் தாழ்வு, அது இடுப்பையே முன்னால் தள்ளி சீட்டில் சறுக்க வைக்கும். சரிசெய்யும் வரிசையும் முக்கியம்: முதலில் பிட்டத்தைச் சீட்டின் கடைசி மூலைவரை தள்ளி உட்காருங்கள், பிறகு உயரம், பிறகு பெடல் தூரம், பிறகு சாய்மானம், கடைசியில்தான் லம்பார். முதலிலேயே லம்பாரைத் தொட்டால் மற்றதை மாற்றும்போது அது இடம் மாறிவிடும்.

சீட்டின் நீளம் பலர் பார்க்காத விஷயம். உட்கார்ந்தபின் முழங்காலின் பின்மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். குட்டையானவருக்குச் சீட் நீளமாக இருந்தால் விளிம்பு காலின் பின்னால் இடிக்கும். அதைத் தவிர்க்க அவர் தானாகவே முன்னால் நகர்ந்து முதுகுத் தாங்கலை இழந்துவிடுவார். நெட்டையானவருக்குச் சீட் குட்டையாக இருந்தால் தொடை அந்தரத்தில் நிற்கும், எடை முழுக்கப் பிட்டத்தில் இறங்கும். தொடைத் தாங்கலை நீட்டிக்கொள்ளும் வசதி, சீட்டின் முன்முனையைத் தூக்கி இறக்கும் வசதி இரண்டும் இருந்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது எடுங்கள்.

பந்தயக் கார் பாணியில் பக்கவாட்டில் உயர்ந்து நிற்கும் சீட்டைத் தவிர்ப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் அந்த மேட்டைத் தாண்டித்தான் ஏறி இறங்க வேண்டும். அகலமான இடுப்புக்காரருக்கு இருபுறமும் நெருக்கும்.

சஸ்பென்ஷன் மெக்கானிக்:

உயரமான எஸ்யூவி என்றால் முதுகுக்குச் சுகம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஏறி இறங்கச் சுகம், உண்மை. ஓட்டத்தில் சுகமா என்பது வேறு கேள்வி. தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடியை உட்கார வைத்து, பின்னால் இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் போட்ட வண்டி காலியாகப் போகும்போது தூக்கிப் போடும், ஏனென்றால் அந்த ஸ்பிரிங் சுமைக்காகக் கணக்கிட்டது. உயரம் கூடக்கூட ஆளின் தலையும் தோளும் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்தைத் தடுக்க முதுகுத் தசை ஓயாமல் இறுகிக்கொண்டே இருக்கும். சீட் உயரம் வேண்டும், ஆனால் காரைப் போன்ற ஒற்றை உடல் அமைப்பும் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷனும் இருந்தால் நல்லது.

உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வில் ஏறக்குறைய விநாடிக்கு 4 முதல் 6 தடவை என்ற வேகத்தில் அதிகமாகக் குலுங்கும். தேய்ந்த ஷாக் அப்சார்பர் இருந்தால் இந்த வகை அதிர்வு குறையாமல் சீட்டுக்கு ஏறிவரும். வண்டி ஓட்டுவோரின் உடலுக்கு வரும் அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் சட்டமே போட்டது: 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அளவு 0.5 மீ/வி²ஐத் தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்.

டயரைக் கண்டிப்பாகப் பாருங்கள். 205/65 ஆர்16 டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 133 மி.மீ. 225/45 ஆர்18 என்றால் சுமார் 101 மி.மீ.தான். அந்த மூன்று சென்டிமீட்டர் ரப்பரும் காற்றும் பள்ளத்தின் முதல் அடியை வாங்கிக்கொள்ள வேண்டியவை. ஒரே மாடலில் மேல்நிலை வேரியன்டுக்குப் பெரிய அலாய் வீல் கொடுப்பார்கள். பார்க்க அழகு, முதுகுக்குத் தண்டனை. லம்பார் வசதி மேல் வேரியன்டில் மட்டும் இருந்தால், அதை வாங்கி, தயாரிப்பாளர் அதே மாடலுக்கு அனுமதித்த சிறிய ரிம் அளவுக்கு மாற்றலாம். காற்றை மைலேஜுக்காக அதிகம் அடிக்காதீர்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். அந்த அளவுக்குக் கீழே இறக்கிச் சுகம் தேடுவதும் வேண்டாம், டயர் சூடேறி வெடிக்கும்.

நீண்டதூர ஓட்டுநர்:

பெடல் அமைந்திருக்கும் இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சில வண்டிகளில் முன்சக்கர வளைவு உள்ளே துருத்துவதால் பெடல் மொத்தமும் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அப்போது இடுப்பு ஒரு கோணத்திலும் தோள் வேறு கோணத்திலும் இருக்க, முறுக்கிய முதுகோடுதான் ஓட்ட வேண்டும். எந்தத் தலையணையும் இதைச் சரிசெய்யாது. சோதிப்பது எளிது: இன்ஜினை அணைத்துவிட்டு நேராக உட்கார்ந்து, கண்ணை மூடிக் காலை இயல்பாக நீட்டுங்கள். பிரேக் நேராகக் காலுக்கு வர வேண்டும்.

கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தொடையைத் தூக்கும் தசை வேலை செய்கிறது. அந்தத் தசை கீழ்முதுகு எலும்புகளிலிருந்தே தொடங்குவதால் நெரிசலில் இடுப்பை இழுத்துக்கொண்டே இருக்கும். இடதுகால் வலிக்காரருக்கு ஆட்டோமேட்டிக்தான் சரி. வலதுகாலில் சயாட்டிகா (கீழ்முதுகிலிருந்து காலுக்கு ஓடும் நரம்பில் வரும் வலி) என்றால் ஆட்டோமேட்டிக்கும் முழுப் பதில் ஆகாது: முழங்காலை நீட்டிப் பாதத்தை மேலே மடக்கி வைத்திருப்பது அந்த நரம்பை இழுக்கும். சீட்டைச் சற்று முன்னால் தள்ளி முழங்காலை நன்றாக மடக்கி வையுங்கள், காலால் மிதிக்காமலே வேகத்தை நிலையாக வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் உள்ள வண்டியை எடுங்கள்.

ஸ்டீயரிங் மேலே கீழே மட்டுமல்ல, முன்னும் பின்னும் நகர வேண்டும். தோள் சாய்மானத்தில் ஒட்டியபடி இருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். எட்டவில்லை என்றால் முதுகு சீட்டை விட்டு எழும்பிவிடும், லம்பார் இருந்தும் பயனில்லை.

டெஸ்ட் டிரைவ் பத்து நிமிடம் போதாது. முக்கால் மணி நேரமாவது கேளுங்கள், தராவிட்டால் அதே மாடலை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். உடைந்த சாலையில் 40 கி.மீ. வேகம், வேகத்தடையில் 20, பிறகு ரிவர்ஸ் எடுத்துத் தலையைத் திருப்பிப் பாருங்கள். நிறுத்தி ஐந்து தடவை ஏறி இறங்குங்கள். வலி மாத்திரை போட்ட நாளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மறுநாள் காலை எழும்போது முதுகு எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் முன்பணம். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள், இடுப்பு ஒரு பக்கம் சாயும்.

ஓட்டாதவர் ஒருவர்:

பின்சீட்டில் மட்டும் உட்காருபவருக்கு என்ன பார்ப்பது?

சீட் வேலை செய்பவர்:

பின்சீட்டில் லம்பார் அநேகமாக இருக்காது, சாய்மானம் மாற்றும் வசதியாவது இருக்கிறதா பாருங்கள். சில மின்சாரக் கார்களில் பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் பின்தரை உயர்ந்திருக்கும், முழங்கால் மேலே தூக்கித் தொடை சீட்டில் படாது. அவசியம் உட்கார்ந்து பாருங்கள். பின் அச்சுக்கு மேலேயே அமைந்த மூன்றாம் வரிசை முதுகுவலிக்காரருக்கு வேண்டவே வேண்டாம், குலுக்கல் முழுக்க அங்கேதான் விழும். இரண்டு அச்சுக்கும் நடுவே உட்காருபவருக்குத்தான் ஆட்டம் குறைவு. முடிந்தால் முன்சீட்.

தலையணை வைப்பவர்கள் கவனிக்க: ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வைத்தாலே பல கடைத் தலையணைகளைவிட நன்றாக இருக்கும், தடிமனை மடித்துக் கூட்டிக் குறைக்கலாம். அடியில் தடித்த மெத்தை போட்டால் நீங்கள் உயர்வீர்கள், தலைத்தாங்கி உயராது. அதைத் தலையின் உச்சிக்குச் சமமாகத் தூக்கி வையுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டிலேயே இருக்கும் வண்டிக்கு, ஏர்பேக் பிரிந்து வெளியே வரும் தையலை மூடும் உறை போடக் கூடாது.

சஸ்பென்ஷன் மெக்கானிக்:

பழைய கார் வாங்கினால் ஓட்டுநர் சீட்டிலும் பக்கத்துச் சீட்டிலும் மாறிமாறி உட்காருங்கள். ஓட்டுநர் சீட் அதிகம் அமிழ்ந்தால் ஃபோம் செத்துவிட்டது. அதை மாற்றுவது கார் மாற்றுவதைவிடச் சுலபம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்த ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடுங்கள், ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும். சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தால் சிறு பள்ளத்திலேயே கடகடவென்று சத்தம் வரும்.

பிசியோதெரபிஸ்ட்:

டிக்கியையும் திறந்து பாருங்கள். விளிம்பு உயர்ந்து தரை ஆழமாக இருந்தால் பெட்டியைக் கையை நீட்டிக் குனிந்து தூக்க வேண்டியிருக்கும். விளிம்பும் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் பெட்டியை இழுத்து விளிம்பில் வைத்து, உடம்போடு அணைத்து இறக்கலாம். நெடுநேரம் உட்கார்ந்து வந்தவுடன் எதையும் தூக்காதீர்கள். தசைநார்கள் நீண்டு தளர்ந்திருக்கும் நேரம் அது. நாலைந்து நிமிடம் நடந்துவிட்டு டிக்கியைத் திறங்கள். ஏறும்போது முதலில் சீட்டில் பின்பக்கமாக உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் சேர்த்து ஒரே திருப்பாக உள்ளே கொண்டுவாருங்கள். இறங்கும்போது அதே வழியில் திரும்பி, இரண்டு பாதமும் தரையில் பதிந்தபின் எழுந்திருங்கள்.